எல்லம்மாள் மனுவின் இரண்டாம் பக்கம்

தசரதனுக்கு ஒரு நாவல் எழுதி முடிக்க வேண்டும். அதற்கு அவர் ஓரிடத்தில் உட்கார வேண்டும். இரண்டாவதுதான் நடக்காத காரியம்.

வேங்கிக்காலில் வாடகை வீடு. மேசை, நாற்காலி, மேசைவிளக்கு எல்லாம் அவர் மனைவி மதிவதனி வாங்கிப் போட்டவை. அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கத் தெரிந்தவள் அவள், ஆனால் இந்த ஒரு ஆளிடம் தோற்றுப்போனாள். விடிந்ததும் மேசை முன்னால் உட்காருவார். பேனாவைத் திறப்பார், மூடுவார். தாளின் ஓரத்தை மடிப்பார். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். பத்து நிமிஷத்தில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும்.

"எங்கயாம்?" என்பாள் மதிவதனி.

"ஒரு வரி வர்ற மாதிரி இருக்கு. நடந்துட்டு வந்துடறேன்."

கிரிவலப் பாதையில் சாமிக்காக நடக்கிறவர்கள் நடுவில் இவர் ஒரு வரிக்காக நடப்பார். செங்கம் ரோட்டுக் காபிக்கடை ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் காலை ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் பகல் ஒரு மணி வரை அசைய மாட்டார். தசரதனுக்கு அவர்மேல் அப்படியொரு பொறாமை. அந்த ஆள் கதை எழுதவில்லை, ஏதோ கம்பெனி வேலையைத்தான் இங்கிருந்து செய்கிறார் என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுவார். வந்த வரியை, பாக்கெட்டில் வைத்திருக்கும் வீணான மனுத் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த வரி செத்துக் கிடக்கும்.

இருபது வருஷத்தில் பதினோரு சிறுகதைகள் வந்திருக்கின்றன, எல்லாம் சிறுபத்திரிகைகளில். நாவலைக் கேட்டு வாங்கிப் போடுகிறேன் என்ற சென்னைப் பதிப்பகத்துக்காரர் மூன்று புத்தகக் கண்காட்சி வரைக்கும் போன் செய்தார். நாலாவது வருஷம் செய்யவில்லை. செய்து என்ன பிரயோஜனம்? ஆறு வருஷமாக முடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி முடிக்கிறார். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தை மட்டும் முப்பத்தொரு தடவை திருத்தி எழுதியிருக்கிறார். எண்ணி வைத்திருப்பவள் மதிவதனி.

சோறு போடுவது வேறு எழுத்து. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், புங்கமரத்தடியில் ஒரு மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. மற்ற நாட்களில் நாலு பேர், ஐந்து பேர். பட்டா, முதியோர் பென்ஷன், வழித்தகராறு, குடிதண்ணீர் என்று மாவட்டத்தின் அத்தனை மனத்தாங்கலும் அந்த மேசைக்கு வந்து போகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனு எழுதும்போது தசரதன் வேறு ஆள். வந்தவர் அழுதுகொண்டு முன்னும் பின்னுமாகச் சொல்வதைக் கேட்டு, யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எந்த ஆபீசர் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்பார். ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. இதையே நாவலில் செய்ய முடியவில்லையே என்பதுதான் அவர் வாழ்க்கையின் துக்கம். "மனுவுல இருக்கிற ஆளு என் எதிர்ல உக்காந்திருக்கு. கதையில இருக்கிற ஆளு எங்க உக்காந்திருக்குன்னே தெரியலியே" என்று மதிவதனியிடம் புலம்புவார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொள்வாள்.

தொழிலில் அவருக்கு இரண்டு விதிகள் உண்டு. எழுதி முடித்ததும் முழுசாகப் படித்துக் காட்டாமல் கையெழுத்தோ ரேகையோ வாங்க மாட்டார். ரேகை விழுந்த பிறகு அந்தத் தாளில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். தப்பு இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசாக எழுதுவார். "ரேகை வெச்சாச்சுன்னா அது அவங்க பேப்பரு, என்னுது இல்ல" என்பார்.

அந்த முதல் விதியைத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் மீறினார்.

நாவலில் மணியம்மாள் என்று ஒருத்தி வருகிறாள். புருஷன் இல்லாதவள். ஒரே மகன் வெளியூர் கம்பெனி வேலைக்குப் போய் மெஷினில் சிக்கிச் செத்துப்போகிறான். முப்பத்தொரு தடவை எழுதியது இந்தச் சாவைத்தான். எப்படி எழுதினாலும் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அந்த அத்தியாயத்தை மணியம்மாள் கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவாகவே எழுதினால் என்ன என்று தோன்றியது. கைக்குத் தெரிந்த வடிவம் ஆயிற்றே! ஒரே மூச்சில் வந்துவிட்டது. மதிவதனி படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுலயும் சாவா? உங்க கதைல பொழச்சவங்க யாராச்சும் உண்டா?" என்றாள். தசரதனுக்குச் சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை, அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மேசையிலேயே வைத்துக்கொண்டு, ஆள் வராத இடைவெளியில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எல்லம்மாள் வந்தாள். ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். கொழுந்தன் வீட்டார் கம்பி வேலி போட்டு அவள் நிலத்துக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் நேரம் நெருங்குகிறது, மூட்டையை எந்தப் பக்கம் கொண்டு வருவது என்பதுதான் அவள் குறை. தசரதன் வழக்கம்போல எழுதினார். முதல் பக்கத்தில் ஆளின் விவரமும் பிரச்சினையும், இரண்டாம் பக்கத்தில் சர்வே எண்ணும் வழியின் வரைபடமும். முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினார். இரண்டாவதைக் கையில் எடுக்கும்போது பார்த்து, ஆறு மாதமாக வராத ஒரு வரி வந்துவிட்டது.

வந்த வரியை விடக்கூடாது என்ற பதைப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வியாதி. "மீதி வழியப் பத்திதாம்மா, நீங்க சொன்னதுதான்" என்று சொல்லி, தாள் காற்றில் பறக்காமல் மேசைமேல் வைத்திருந்த கல்லின் கீழிருந்து ஒன்றை உருவி, அடியில் 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே காலியிடம் இருப்பதை மட்டும் பார்த்து, மைப்பெட்டியை நீட்டினார். எல்லம்மாள் இடது கைப் பெருவிரலை அழுத்தினாள். பக்கத்தில் 'எல்லம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதி, இரண்டையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தார். அவள் டோக்கன் போடுகிற வரிசைக்குப் போனாள். இவர் வரியைக் கிறுக்கிக்கொண்டார். அது என்ன வரி என்று இப்போது கேட்டால் அவருக்கே ஞாபகம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மேசையை விரிக்கிற நேரத்துக்கு எல்லம்மாள் வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"தம்பி, எம்புள்ள செத்துட்டானா?" என்றாள்.

தசரதனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஒரு தாளை நீட்டினாள். தாலுகா ஆபீசிலிருந்து வந்த விசாரணை நோட்டீஸ். 'தங்கள் மனுவில் குறிப்பிட்டுள்ள மகனின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நேரில் ஆஜராகவும்' என்று இருந்தது.

"நேத்து சாயங்காலம் வந்துச்சு. பக்கத்து வூட்டு நந்தினிதான் படிச்சா. படிச்சுட்டு மடிச்சு என் கையில குடுத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டா. அப்புறம் அவங்கம்மா ஓடியாந்து என் கையப் புடிச்சிக்கினா. குமரேசனுக்குப் போன் போட்டா சுச்சாப்னு வருது. காலைல மணி அடிக்குது, எடுக்க மாட்டேன்றான். கவருமென்ட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சுருக்கு, பெத்தவளுக்குத்தான் தெரியலியா?"

மகனின் இறப்பு என்ற சொல்லை மறுபடி பார்த்ததும் தசரதனுக்கு மணியம்மாள் ஞாபகம் வந்தாள். பையைத் திறந்து நாவல் கட்டை எடுத்தார். கட்டுக்குள், மணியம்மாள் மனுவின் கடைசிப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில், சர்வே எண்ணும் வரைபடமும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மூன்று வாரமாக அவர் அந்தக் கட்டைப் பிரிக்கவேயில்லை.

"அம்மா, உக்காருங்க. உங்க பையனுக்கு ஒண்ணும் ஆவல. தப்பு என்மேல." எப்படிச் சொல்வது? சொன்னார். நான் ஒரு கதை எழுதுகிறேன், அதில் ஒருத்தி வருகிறாள், அவள் மகன் செத்துவிடுகிறான், அந்தப் பக்கம் தவறி உங்கள் மனுவோடு போய்விட்டது என்றார். தன் காதுக்கே அது சிறுபிள்ளை சாக்குப் போலத்தான் கேட்டது.

எல்லம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரேக வெச்சேனே, அந்தப் பேப்பரா?"

"அதாம்மா."

"எம்புள்ள செத்துட்டான்னு எழுதியிருந்ததுல நான் ரேக வெச்சனா?" அவள் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். "எதுக்குயா எம்புள்ளய சாவடிச்ச?"

"உங்க புள்ள இல்லம்மா. கதையில வர்ற புள்ள."

"அப்ப ஏன் அவன் போன எடுக்க மாட்டேன்றான்?"

தசரதன் மேசையை மடித்து ஜெராக்ஸ் கடையில் போட்டுவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். வழியெல்லாம் குமரேசனுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். மணி முழுசாக அடித்து அடித்து நின்றது. பையன் ஒரகடம் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிப்டு என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அப்போ போன் லாக்கர்ல இருக்கும்மா. உள்ள எடுத்துட்டுப் போக வுட மாட்டாங்க. ரெண்டு மணிக்குப் பேசுவான் பாருங்க."

"அது நீ சொல்றது. நீ சொல்றதத்தான் அன்னிக்கும் நம்பினேன்."

துணைத் தாசில்தார் ரேணுகாம்பாள் என்று ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு கோப்பைப் பிரித்தார். தசரதன் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் இரண்டாம் பக்கத்தை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"இத எழுதினது நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. மொத வேலையா இந்தம்மாவக் கூப்பிடணும்னு நோட்டீஸ் போட்டேன். அவ்வளவும் பொய்யா?"

இருபது வருஷத்தில் தசரதனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு இதுதான். கிடைத்த இடத்தையும் நேரத்தையும் பாருங்கள்! சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக முட்டியதில் அவருக்குக் காது சுட்டது.

"பொய் இல்ல மேடம். கதை."

"ஆபீசுல ரெண்டும் ஒண்ணுதாங்க." அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "விளக்கம் எழுதிக் குடுங்க. சரியான ரெண்டாம் பக்கத்தச் சேருங்க. மனுதாரரும் இது என் வாக்குமூலம் இல்லன்னு ரேக வெக்கணும். மூணு மணிக்கு நான் பீல்டுக்குக் கௌம்பிடுவேன், அதுக்குள்ள வந்தாத்தான் இன்னைக்கு ரிப்போர்ட்ல சேரும். இல்லன்னா பொய்த் தகவல்னு மனுவ முடிச்சுட வேண்டியதுதான். அப்புறம் வழி கேட்டு மறுபடி மொதல்லேர்ந்து வரணும்."

தசரதன் வராந்தாவில் சுவரோடு தாளை வைத்து எழுதினார். மனுவின் இரண்டாம் பக்கத்தில் உள்ளது என்னால் கற்பனையாக எழுதப்பட்டது. அதில் இறந்ததாகச் சொல்லப்படும் மகன் என்னால் படைக்கப்பட்டவன். மனுதாரருடைய மகன் குமரேசன் உயிரோடும் நலமாகவும் இருக்கிறார். பத்து வரியில் முடிந்துவிட்டது. படித்துக் காட்டிவிட்டு மைப்பெட்டியை நீட்டினார்.

எல்லம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவன் கொரலக் கேக்காம நான் எதுலயும் ரேக வெக்க மாட்டேன். ஒருதரம் வெச்சது போதும்."

"அம்மா, மூணு மணிக்கு அவங்க போயிடுவாங்க. வழி வேணாமா? மல்லாட்டை நிலத்துலயே மொளச்சுடும்."

"மொளச்சா மொளைக்கட்டும். அவன் நல்லா இருக்கான்னு எழுதியிருக்கியே, உனுக்குத் தெரியுமா? பாத்தியா?"

பார்க்கவில்லைதான். தசரதன் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

மணி பதினொன்று நாற்பது. வேப்பமரத்தின் கீழே சிமெண்ட் மேடையில் அவள் உட்கார்ந்தாள். இவர் நின்றார், நடந்தார், கேட்டு வரை போய்த் திரும்பினார். இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. இவரும் குடிக்கவில்லை. வீட்டு மேசையாக இருந்திருந்தால் இதற்குள் நாலு தரம் செருப்பு மாட்டியிருப்பார். இங்கே எங்கே போவது? இந்தப் பொம்பளையை விட்டுவிட்டு எந்த வரியைத் தேடி எந்த ரோட்டில் நடப்பது?

இந்த மாதிரி விஷயங்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எழுதினால் பலித்துவிடும் என்றால் இதற்குள் ஊரில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டரைக்கு மேல் அவருக்கே பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பையனின் சட்டைக்கை மெஷினில் எப்படி மாட்டும், முதலில் எந்தச் சத்தம் வரும், பக்கத்து ஆள் சுவிட்சை எத்தனை நொடியில் அணைப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முப்பத்தொரு தடவை எழுதியிருக்கிறார். இப்போது கண்ணை மூடினால் அந்தப் பையனுக்கு முகம் இருந்தது. அந்த முகத்தில் எல்லம்மாளின் தாடை இருந்தது. ஐயோ, ஒருமுறை எடுத்துத் தொலைடா என்று போனைப் பார்த்துச் சொன்னார்.

எல்லம்மாள் அழவில்லை. பையிலிருந்து மல்லாட்டையை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தாள். பருப்பைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தோலையும் பருப்பையும் சேர்த்தே பைக்குள் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். தின்னவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஆபீஸ் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் கை நின்று மறுபடி தொடர்ந்தது.

தசரதனின் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. வீணான மனுத் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் 'உடைக்கிறாள், தின்னவில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழுதற?"

"ஒண்ணுமில்லம்மா."

"என்னத்தான் எழுதற. இன்னும் இன்னா பாக்கி வெச்சிருக்க எழுதறதுக்கு?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தாளை உள்ளே திணித்துக்கொண்டு, முதல் தடவையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. வெயில் மேடைக்கு வந்தது. இரண்டு ஆயிற்று. இரண்டு ஐந்துக்கு அவள் மல்லாட்டை உடைப்பதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு பத்துக்குப் போன் அடித்தது.

"யாருங்க? இந்த நம்பர்லேர்ந்து இருபத்தாறு மிஸ்டு கால் கீது. எங்கம்மா வேற பதினாலு தரம் போட்டிருக்கு. ஊர்ல இன்னா ஆச்சு?"

தசரதன் வாயைத் திறப்பதற்குள் எல்லம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குமரேசா."

"யம்மா! இன்னாம்மா?"

"சாப்டியா?"

"இப்பத்தாம்மா வெளிய வந்தேன். நேத்து சார்ஜ் போயிடுச்சு, அதான். இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல. போய்ச் சாப்புடு" என்று சொல்லிப் போனைக் கொடுத்துவிட்டாள். பைக்குள் கைவிட்டு, தோலுக்கு நடுவிலிருந்து ஒரு பருப்பைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதன்பிறகுதான் அழுதாள்.

உள்ளே போய் அந்த விளக்கத் தாளிலும் சரியான இரண்டாம் பக்கத்திலும் ரேகை வைத்தாள். அழுத்தமாக வைத்தாள். ரேணுகாம்பாள் பழைய பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, ரத்து என்று எழுதி, கோப்பிலேயே வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வழியைப் பார்க்க நேரில் வருவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்துக்குத் தசரதனிடம் வேறு நகல் கிடையாது.

"மேடம், அத மட்டும் ஒரு ஜெராக்ஸ்..." என்று ஆரம்பித்தார். எல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். "வேணாங்க, வுடுங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் ஊர்ப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் பேச்சில் பழைய மரியாதை திரும்பியிருந்தது.

"தம்பி, உங்க கதைல அந்தப் பொம்பள பேரு இன்னா?"

"மணியம்மாள்."

"அவளுக்குப் போன் வரலியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

தசரதன் யோசித்தார். செத்தால்தான் கதையில் கனம் வரும் என்று ஆறு வருஷம் நம்பியிருந்தார். பதிப்பகத்துக்காரரிடமும் அப்படித்தான் வாதாடினார். உண்மை அது இல்லை என்பது அந்தப் பெஞ்சில் அவருக்கே தெரிந்துபோயிற்று. மகன் வருவானா மாட்டானா என்று தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் அவரால் பத்து நிமிஷம் உட்கார முடிந்ததில்லை. அதனால்தான் முப்பத்தொரு தடவையும் பையனைக் கொன்றுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"நானே அவசரப்பட்டுட்டேம்மா" என்றார்.

"அப்ப அத்த மாத்துங்க."

"மாத்தினா மொத்தமும் மாறும்மா. ஆறு வருஷ வேல."

"எம்பேப்பர அரை மணி நேரத்துல மாத்தினீங்க இல்ல?"

தசரதன் தன் பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். பஸ்கள் வந்தன, போயின. பாண்டிச்சேரி, வேலூர், செங்கம் என்று கண்டக்டர்கள் கத்தினார்கள். ஒருவர் இவர் காலை மிதித்துவிட்டுப் போனார். எல்லம்மாளின் பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவள் அதைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. ஒரு பக்கம் நிறைந்ததும் தசரதன் பேனாவை மூடினார். வழக்கப்படி படித்துக் காட்டினார்.

ஆபீஸ் வாசல், வேப்பமரம், ஆறிப்போன டீ, உடைத்து உடைத்துப் பைக்குள் போட்ட மல்லாட்டை, மேடைக்கு வந்த வெயில். மணியம்மாள் உடைப்பதை நிறுத்தியதோடு பக்கம் முடிந்தது.

"அப்புறம்?" என்றாள் எல்லம்மாள்.

"அவ்ளோதாம்மா. அங்கயே வுட்டுடலாம்னு. படிக்கிறவங்க யோசிக்கட்டும்."

"அவங்க இன்னாத்த யோசிக்கிறது? ஒக்காந்திருந்தது அவ. போன் அடிச்சுதா இல்லியா? அத்த எழுதுங்க."

அடியில் ஒரு விரற்கடை இடம் இருந்தது. 'இரண்டு பத்துக்குப் போன் அடித்தது' என்று எழுதினார். அதையும் படித்துக் காட்டினார்.

எல்லம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு அவர் பையைத் துழாவி மைப்பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, பெருவிரலைத் தோய்த்து, அந்த வரிக்குக் கீழே அழுத்தமாக வைத்தாள்.

"ஐயோ, இதுக்கெல்லாம் வேணாம்மா" என்று தசரதன் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

தசரதன் தாளைப் பார்த்தார். மூன்றாவது வரியில் ஒரு சொல் சரியில்லை. நடுவில் ஒரு வாக்கியம் நீளம் ஜாஸ்தி. பேனா மூடியைத் திறந்தார். ரேகை இன்னும் ஈரமாக இருந்தது. பேனாவை மூடிக்கொண்டார்.